பையன் நடிக்கிறானாம்!

“பையன் கொஞ்சம் நடிக்கிறான், ஸார். நீங்கள் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு ‘ஐயோ பாவம்’ என்று சொல்லச் சொல்ல அவனுக்கு வலி அதிகமாகிறது. போய்ப் படுங்கள்.”

இதைச் சொன்னவர் ஒரு டாக்டர். சொன்ன நேரம் இரவு ஒன்றரை மணி. யாரைப் பற்றிச் சொன்னாரோ அவன் என் தங்கையின் பேரன், வயது ஒன்பது. கட்டிலின் நடுவில் முழங்கால்களை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, தலையணையை வயிற்றில் வைத்து அழுத்தி, முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்திருந்தான். படுக்கச் சொன்னால் படுக்கமாட்டான். மல்லாந்து படுத்தால் வலி முதுகு வரையில் துளைத்துக்கொண்டு போகிறது என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருந்தான். அழவில்லை. அழுது ஓய்ந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

நான் நாற்பது வருஷமாகக் கதை எழுதிப் பிழைக்கிறவன். எது நடிப்பு, எது நிஜம் என்று பார்ப்பதுதான் என் தொழில். கணையத்தில் வலி வந்தவர்கள் முன்னால் குனிந்து உட்காருவார்கள், அதில்தான் அவர்களுக்குச் சற்று ஆறுதல் என்று வைத்தியப் புத்தகங்களில் எழுதியிருக்கிறது. அந்தப் புத்தகங்களைப் படிக்காத ஒன்பது வயதுப் பையன் அப்படியே அட்சரம் பிசகாமல் நடித்துக் காட்டினான் என்றால், அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்தது எங்கள் தப்பு. சினிமாக் கம்பெனியில் சேர்த்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதப்போவதில்லை. அந்த டாக்டர் கெட்டவரும் அல்ல. இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். கண்கள் தூக்கத்துக்கு ஏங்கிச் சிவந்திருந்தன. அவரைத் திட்டுவதற்காக இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அவர் வாயில் அந்த வார்த்தையை வைத்தவர்களைத் திட்டுவதற்காக எழுதுகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கணையம் என்ற உறுப்பு வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டினாற்போல் ஒளிந்துகொண்டிருக்கிறது. சோற்றையும் பருப்பையும் நெய்யையும் ஜீரணிக்கிற நீர்களை அது சுரக்கிறது. அந்த நீர்கள் குடலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்கவேண்டும். ஏதோ ஒரு காரணத்தால் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கிவிட்டால், அது தன்னைத்தானே ஜீரணித்துக்கொள்ள ஆரம்பிக்கிறது. உபமானத்துக்காகச் சொல்லவில்லை, உள்ளே நடப்பதே அதுதான். பெரியவர்களுக்கு இந்த நோய் வந்தால் குடியா, பித்தக்கல்லா என்று முதலில் விசாரிப்பார்கள். குழந்தைகளுக்கோ பிறவியிலேயே வந்த மரபணுக் கோளாறு, நாளத்தின் அமைப்பிலே குறை, சில மருந்துகள், அடிபட்டது என்று காரணங்கள் வேறு. நம் தென்னாட்டிலே இதற்கு ஒரு தனி வகையும் உண்டு. கணைய நாளத்துக்குள்ளே சுண்ணாம்புக் கற்கள் கட்டிக்கொள்ளும். 1959-ல் இந்தோனேஷியாவிலிருந்து ஸூய்டெமா என்பவர் இதைப் பற்றி எழுதினார். 1960-களில் கேரளத்து டாக்டர் கீவர்கீஸ் இந்த நோயாளிகளைக் கூட்டங் கூட்டமாகப் பார்த்து எழுதினார். மரவள்ளிக் கிழங்குதான் காரணம் என்று வெகுகாலம் சந்தேகப்பட்டார்கள். ஏழைகளின் கிழங்கின் மேல் பழி போடுவது சுலபம். இந்த நூற்றாண்டில் மரபணுக்களைப் பரிசோதித்துப் பார்த்ததில் அந்தப் பழி பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. பிள்ளைப் பிராயத்திலே வயிற்று வலி, வாலிபத்திலே நீரிழிவு என்று இந்த நோயின் பாதையைப் பழைய டாக்டர்கள் வர்ணிப்பார்கள். அந்தப் பாதையில் முதலில் வருவது வலி. அதை வாய்விட்டுச் சொல்லவேண்டியவன் ஒரு குழந்தை.

சொன்னால் நம்புகிறோமா? எங்கள் வீட்டுக் கதையைக் கேளுங்கள். முதல் மாதம் பூச்சி என்றார்கள். பூச்சி மருந்து கொடுத்தோம். இரண்டாவது மாதம் வாயு, ஓமத் தண்ணீர். மூன்றாவது மாதம் என் தங்கை வேப்பிலை அடித்து மிளகாய் சுற்றிப் போட்டாள். நாலாவது மாதம் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சோம்பல் என்று தீர்ப்பாயிற்று. கணக்குப் பரீட்சையன்று வலி வந்தது உண்மைதான். தீபாவளியன்றும் வந்தது என்பதை யாரும் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது மாதம் ஒரு புண்ணியவான் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கற்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அவற்றுக்கு வைத்தியம் செய்ய ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோதுதான் இந்தப் பெரிய வலி வந்து, அர்த்தராத்திரியில் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

அங்கே சலைன் ஏற்றினார்கள். பாரசிட்டமால் ஏற்றினார்கள். இரண்டும் சரிதான்; முதலில் செய்யவேண்டியவை அவைதாம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் பையன் குனிந்தபடியே இருந்தான். “இதைவிடப் பலமாக ஏதாவது கொடுக்கக்கூடாதா?” என்று என் மருமகள்—தங்கையின் பெண்—கேட்டாள். அப்போது வரிசையாக நாலு பதில் வந்தது. அந்த நாலு பதிலுக்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

முதல் பதில்: “ரத்தப் பரிசோதனையில் என்ஸைம் அவ்வளவு ஏறவில்லை. ஆகையால் வலியும் அவ்வளவு இருக்க நியாயமில்லை.”

வலியை வலிக்கிறவனிடம் கேட்காமல் அவன் ரத்தத்தினிடம் கேட்பது என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை. வைத்திய சாஸ்திரப்படியே பார்த்தாலும் இது தப்பு. கணையத்தில் திடீர் வீக்கம் என்று தீர்மானிக்க மூன்று அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள்: அதற்கே உரிய வயிற்று வலி, ரத்தத்தில் என்ஸைம் சாதாரண உச்ச அளவைப்போல் மூன்று மடங்கு ஏறியிருப்பது, ஸ்கேனில் தெரிவது. மூன்றில் இரண்டு இருந்தால் போதும். தவிரவும், வெகுநாளாகக் கெட்டுப்போன கணையத்தில் சுரப்பதற்கே சரக்குக் குறைவு. வலி உச்சியில் இருக்கும்போதுகூட ரத்தத்தில் அளவு ஏறாமல் இருக்கலாம். கடை காலியாக இருக்கிறது என்பதற்காகக் கடைக்குத் தீப்பிடிக்கவில்லை என்று சொல்லலாமா?

இரண்டாவது பதில்: “மார்பின் கொடுத்தால் கணைய நாளத்தின் வாய் இறுகிக்கொள்ளும், நோய் அதிகமாகும்.”

இது வழிவழியாக வந்த பாடம். ஆசிரியர் சொன்னார், மாணவர் எழுதிக்கொண்டார், அவர் ஆசிரியரானதும் தம் மாணவர்களுக்குச் சொன்னார். இதை நம்பித்தான் மார்பினை ஒதுக்கிவிட்டுப் பெத்திடினைக் கொடுத்து வந்தார்கள். பின்னால் நிதானமாக உட்கார்ந்து ஆராய்ந்தபோது, மார்பினால் கணைய நோயாளிகளின் கதி மோசமாயிற்று என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பெத்திடின்தான் உடம்பிலே வேறு ஒரு பொருளாக மாறித் தேங்கி, நரம்புகளைக் கிளப்பிவிட்டு, வலிப்பை உண்டாக்கக்கூடியது என்று தெரிந்தது. குழந்தைகளின் கணைய நோய்க்கென்று வட அமெரிக்க நிபுணர்கள் 2018-ல் வெளியிட்ட சிபாரிசுகளில், சாதாரண வலி மருந்துகளுக்கு அடங்காவிட்டால் அபினி வகை மருந்துகளைக் கொடுக்கலாம் என்றே இருக்கிறது. அது எழுதிப் பல வருஷம் ஆகியும் எங்கள் தாழ்வாரத்துக்கு வந்து சேரவில்லை.

மூன்றாவது பதில்தான் ராஜ பதில்: “குழந்தைக்குப் போதைப் பழக்கம் வந்துவிடும், ஸார்!”

இதைச் சொன்னதும் என் தங்கை நடுங்கிப்போய், “வேண்டாம் அண்ணா, பொறுத்துக்கொள்ளட்டும்” என்றாள். அபினி என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் அத்தனை பலம். இந்த பயத்தை நான் பரிகாசம் செய்யமாட்டேன். அமெரிக்காவில் என்ன நடந்தது என்று உலகத்துக்குத் தெரியும். 1996-ல் ஒரு கம்பெனி ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையைக் கடைக்குக் கொண்டுவந்து, பழக்கமாகிற அபாயம் குறைவு என்று டாக்டர்களுக்கு ஆசை வார்த்தை சொல்லி விற்றது. முதுகு வலிக்கும் மூட்டு வலிக்கும் அதைச் சுண்டல் விநியோகம்போல் வழங்கினார்கள். ஊர் ஊராகச் செத்தார்கள். அந்த பர்டியூ கம்பெனி 2007-லும் 2020-லும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆகவே பயப்படுகிறவர்களைப் பார்த்து ‘மூடர்களே’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் எதற்கு எது உதாரணம்? மாதக் கணக்கில், பார்வையில்லாமல், வீட்டுக்கு மூட்டை கட்டிக் கொடுத்த மாத்திரை ஒரு பக்கம். ஆஸ்பத்திரிக் கட்டிலில், எடைக்குத் தக்கபடி அளந்து, மூச்சையும் நினைவையும் மணிக்கு மணி பார்த்துக்கொண்டு, மூன்று நாலு நாளைக்குக் கொடுக்கிற ஊசி இன்னொரு பக்கம். கிணற்றில் விழுந்து ஒருவன் செத்தான் என்பதற்காகத் தாகத்தால் தவிக்கிற குழந்தைக்கு டம்ளரில் தண்ணீர் தரமாட்டேன் என்பதுபோல் இருக்கிறது இந்த வாதம். மூச்சு மந்தப்பட்டால் நலாக்ஸோன் என்று மாற்று மருந்து இருக்கிறது. நாள்பட்டுக் கொடுத்தால் உடம்பு பழகிக்கொள்ளும்; அப்போது திடுதிப்பென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கவேண்டும். உடம்பு பழகிக்கொள்வது வேறு, மனம் அதையே தேடி அலைவது வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் இத்தனை குழந்தைகளைக் கதறவிட்டிருக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை. மார்பின் என்றால் அலறுகிறவர்கள், ‘சாது மருந்து’ என்று எண்ணிக் கொடெய்னையும் ட்ரமடாலையும் தைரியமாகக் கொடுப்பார்கள். கொடெய்ன் உடம்புக்குள் போய் மார்பினாக மாறித்தான் வேலை செய்கிறது. சிலருடைய உடம்பு அதைச் சரியாக மாற்றுவதே இல்லை, மருந்து வீண். சிலருடைய உடம்பு வெகு வேகமாக மாற்றிவிடுகிறது. குழந்தைக்கு மூச்சே நின்றுபோகலாம். உலக சுகாதார ஸ்தாபனம் 2012-ல் குழந்தைகளின் வலிக்கான வழிமுறையிலிருந்து கொடெய்னை எடுத்துவிட்டது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா 2017-ல், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு வலிக்காகக் கொடெய்னும் ட்ரமடாலும் கூடாது என்று சொல்லிவிட்டது. பெயர் கேட்டு பயப்படுகிற புத்தி கடைசியில் எங்கே கொண்டுபோய் விடுகிறது, பாருங்கள்.

நாலாவது பதில் டாக்டர் சொன்னதல்ல, நர்ஸ் அம்மாள் என் மருமகளைத் தனியாக அழைத்து, பரிதாபப்பட்டுச் சொன்னது: “டாக்டர் எழுதிக்கொடுத்தாலும் இப்போது கிடைக்காதும்மா. அந்த அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி வீட்டுக்குப் போயிருக்கிறது. காலையில் எட்டு மணிக்குத்தான் வரும்.”

இரண்டு பூட்டு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்து காணாமல் போகக்கூடாதுதான். ஆனால் குழந்தையின் வலி இரவில் வரும் என்று தெரிந்த ஒரு ஸ்தாபனத்தில் சாவி மட்டும் ஏன் இரவில் வீட்டுக்குப் போகிறது? நிர்வாகிகள் கொடுமைக்காரர்களா? இல்லை. அந்த அலமாரியைத் திறக்கவேண்டிய அவசியம் இராத்திரியில் வரும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் தோன்றாமைக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1985-ல் நம் பார்லிமெண்டு போதைப் பொருள் சட்டத்தைக் கொண்டுவந்தது. கடத்தல்காரர்களைப் பிடிக்கப் போட்ட வலை. அதில் கடத்தல்காரர்கள் எத்தனை பேர் அகப்பட்டார்களோ, நோயாளிகள் நன்றாக அகப்பட்டுக்கொண்டார்கள். மார்பின் வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஒரு லைசென்ஸுக்கு மேல் ஒரு லைசென்ஸ், ஓர் இலாகாவுக்கு மேல் ஓர் இலாகா. தவறினால் பத்து வருஷச் சிறை என்ற பூச்சாண்டி. மருந்துக் கடைக்காரர் ‘எதற்கு வம்பு?’ என்று கைவிட்டார். ஆஸ்பத்திரிகளும் கைவிட்டன. இந்தத் தேசம் முழுவதும் வைத்தியத்துக்குச் செலவான மார்பின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைந்து, 1997-ல் 18 கிலோவுக்கு வந்து நின்றது. இத்தனை கோடி ஜனங்களுக்கு 18 கிலோ! அதே காலத்தில் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் சர்க்கார் அனுமதியுடன் கசகசாச் செடி பூத்துக்கொண்டிருந்தது. நீமச்சிலும் காஜிப்பூரிலும் சர்க்காரின் அபினித் தொழிற்சாலைகள் ஓடிக்கொண்டிருந்தன. சரக்கு கப்பலேறி அயல்நாட்டு நோயாளிகளின் வலியைத் தீர்த்துக்கொண்டிருந்தது. 

கேரளத்தில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய நண்பர்களும் 1993-ல் கோழிக்கோட்டில் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, வருஷக் கணக்கில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. அங்கீகாரம் பெற்ற வைத்திய ஸ்தாபனம் மார்பின் வைத்துக்கொள்ள இப்போது ஒரே இடத்தில் அனுமதி வாங்கினால் போதும். சட்டம் மாறிவிட்டது, அலமாரி மாறவில்லை. முப்பது வருஷம் மார்பினைக் கையால் தொடாமல் ஒரு தலைமுறை டாக்டர்கள் படித்து முடித்து, அடுத்த தலைமுறைக்குப் பாடமும் நடத்திவிட்டார்கள். அந்த இரவு டாக்டரின் பயம் அவர் வாத்தியாரிடம் வாங்கிய பிதிரார்ஜிதம்.

குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பிதிரார்ஜிதம் இன்னும் பழையது. பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது, நரம்பு இன்னும் முதிரவில்லை என்று மேல்நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே நம்பிக்கொண்டிருந்தார்கள். குறைப்பிரசவத்தில் பிறந்த சிசுக்களுக்கு, அசையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலி தெரியாமலிருக்கப் போதிய மருந்து கொடுக்காமல் மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1985-ல் அப்படி ஆபரேஷன் செய்யப்பட்டு இறந்த ஒரு சிசுவின் தாய் விஷயத்தை அறிந்து ஊரறியச் சொன்னபோதுதான் சந்தி சிரித்தது. 1987-ல் ஆக்ஸ்போர்டில் கன்வல்ஜீத் ஆனந்த் என்ற நம் தேசத்து டாக்டர், வலி மருந்து சேர்த்துக் கொடுத்த சிசுக்களின் உடம்பு ஆபரேஷனைக் குறைந்த அதிர்ச்சியோடு தாங்கிக்கொண்டது என்று நிரூபித்தார். நிரூபிக்க வேண்டியிருந்தது! குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிய எந்தப் பாட்டியையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பாட்டிகளையும் நம்பாதே என்கிறது என் மனச்சாட்சி. இப்போது என் குற்றத்துக்கு வருகிறேன்.

நாலாவது மாதத்தில், பள்ளிக்கூடச் சோம்பல் என்று தீர்ப்புச் சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான். கையில் போனை வைத்துக்கொண்டு படம் பார்த்துச் சிரித்தவன், அரைமணி கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். “இப்போதுதானே சிரித்தாய்?” என்று வக்கீல்போலக் குறுக்கு விசாரணை செய்தேன். வலியோடேயே நாள்கணக்கில் வாழ்கிற குழந்தை, கிடைக்கிற இடைவெளியில் விளையாடத்தான் செய்யும். வலியை மறக்க அவனுக்கு வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. “ஆண் பிள்ளை அழலாமாடா? பல்லைக் கடித்துக்கொள்” என்றேன். அவன் கடித்துக்கொண்டான். அன்று முதல் வலி வந்தால் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வானாம். நாங்கள் அவனுக்கு உடம்பு தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

போதாததற்கு நான் நாவலாசிரியன். துன்பத்திலே மனிதன் புடம் போட்ட தங்கமாகிறான் என்று எத்தனை அத்தியாயங்களை முடித்திருக்கிறேன்! வாசக நேயர்கள் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதியிருக்கிறார்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது பெரிய குணம் என்று இந்த ஜனங்களுக்கு வாரம் தவறாமல் போதித்தவர்களில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்பது வயதுப் பையன் கணையம் வெந்து துடிப்பதனால் என்ன தங்கம் ஆகிறான்? ஒன்றும் ஆகவில்லை. பெரியவர்களை நம்பக்கூடாது என்று மட்டும் தெரிந்துகொண்டான்.

மறுநாள் விடிந்ததும் காரில் போட்டுக்கொண்டு இன்னொரு ஊருக்குப் போனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் ஆறு முகங்கள் வரைந்த ஓர் அட்டையைக் காட்டி, “எந்த முகம் உன் முகம்?” என்று அவனையே கேட்டார். சிரிக்காத, அழாத சாதாரண முகம் ஓரத்தில். அங்கிருந்து படிப்படியாகக் கோணிக்கொண்டே போகிற முகங்கள். பையன் கடைசி முகத்தைத் தொட்டுவிட்டு, “இதுக்கு அப்புறம் இல்லையா?” என்று கேட்டான். அவர் எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. எடை பார்த்தார், மார்பின் எழுதினார். இருபது நிமிஷத்தில் பையன் காலை நீட்டினான். நான் தாழ்வாரத்துக்கு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு சிறிய பம்பை வைத்து, பொத்தானை அவன் கையிலேயே கொடுத்தார்கள். எத்தனை தடவை அழுத்தினாலும் குறித்த நிமிஷத்துக்குள் ஒரு தடவைதான் மருந்து இறங்கும்; அழுத்திய கணக்கு மட்டும் யந்திரத்தில் பதியும். அவனைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்று எங்களைக் கண்டித்து வைத்தார்கள். முதல் நாள் அடிக்கடி அழுத்தினான். மூன்றாம் நாள் இரண்டே தடவை. நாலாம் நாள் பொத்தான் தலையணைக்கு அடியில் கிடந்தது. அவன் இட்லி கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பையனை வைத்துச் சாஸ்திரம் எழுதமுடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் பழக்கமாகிவிடும் என்று பயமுறுத்தியவர்கள் ஒரு பையனைக்கூடக் காட்டவில்லையே?

அந்த டாக்டரே என் உற்சாகத்தைச் சற்று அடக்கிவைத்தார். “ஸார், இதை மாதக் கணக்கில் கொடுத்தால் அதுவும் தப்புத்தான். மலம் கட்டும், குடல் மந்தமாகும், சில பேருக்கு நரம்பு இன்னும் கூசிப்போய் வலி அதிகமாகவே தெரியும். வலியை அடக்குவது இன்றைய வேலை. கல்லை எடுப்பது நாளைய வேலை. இரண்டில் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை மறந்தால் பையனுக்குத்தான் நஷ்டம்” என்றார். மார்பினே தராதவர்களுக்கும், மார்பினை மட்டுமே தருகிறவர்களுக்கும் சேர்த்துச் சொன்ன வார்த்தை இது. சில வாரங்கள் கழித்து அதிர்வு அலைகளால் கற்களைப் பொடியாக்கி, வாய் வழியே குழாயை விட்டுத் துகள்களை எடுத்தார்கள். சாப்பாட்டோடு என்ஸைம் மாத்திரை. அவ்வப்போது சர்க்கரைப் பரிசோதனை. நீண்ட நாள் வலிக்கு வேறு மருந்து, உடற்பயிற்சி, பையனோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள் என்று ஒரு திட்டமே போட்டுக் கொடுத்தார்கள்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறான். வலி இனி வராது என்று யாரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆகையால் வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டாவது ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: “இரவு பத்து மணியிலிருந்து காலை எட்டு மணி வரையில் தங்கள் மருந்து அலமாரியின் சாவிகள் யாரிடம் இருக்கும்?” கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று நினைத்திருப்பார்கள். ஆனாலும் பதில் வந்தது. ராத்திரி டியூட்டி நர்ஸிடம் ஒன்று, ராத்திரி டியூட்டி டாக்டரிடம் ஒன்று என்று எழுதி, கூப்பிடவேண்டிய நம்பரும் கொடுத்திருந்தார்கள். அதை என் டைரியில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதலில் போன அந்த ஆஸ்பத்திரிக்கும் இதே கடிதத்தை எழுதினேன். நாலு மாதமாகிறது, பதில் வரவில்லை.